ஒன்பது டிகிரிச் சண்டை

கம்பளம் வந்த அன்றுதான் சண்டை ஆரம்பித்தது.

அதுவரை எங்கள் பள்ளிவாசலில் வெறும் மொசைக் தரை. முன்சுவருக்கு இணையாக நாலடிக்கு ஒரு கறுப்புப் பட்டை பதித்திருக்கும். பட்டையில் காலை ஒட்டி நின்றால் தொழுகை வரிசையான ஸஃப் தானாக நேராகிவிடும். சின்ன வயதிலிருந்து எனக்குத் தொழும் திசையான கிப்லா என்றால் அந்தக் கறுப்புப் பட்டைதான். பிரான்சில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பிய காசில் ஹால் முழுக்கப் பச்சைக் கம்பளம் போட்டுத் தருவதாக ஜமாஅத்தில் ஒருவர் முன்வந்தார். கடைப் பையன்கள் சுருளை உருட்டத் தொடங்கியபோது, இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளை ஒருவன் கைபேசியைத் தரையில் வைத்துப் பார்த்துவிட்டு, "நிறுத்துங்க பாய். கோடே தப்பு. 19 டிகிரி வலது பக்கம் திரும்பணும்" என்றான்.

பள்ளி நிர்வாகியான முத்தவல்லி சிரித்தார். பையன் சிரிக்கவில்லை. அஸருக்கு வந்தவர்கள் தொழுதுவிட்டு வீட்டுக்குப் போகாமல் நின்றார்கள். மக்ரிபுக்குள் இரண்டு கட்சி.

புதுச்சேரியில் எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள். குத்பா பள்ளியும் அல்ல, மீரான் பள்ளியும் அல்ல என்பதோடு விட்டுவிடுகிறேன். நான் நில அளவை வேலையில் 34 வருஷம் சங்கிலி இழுத்தவன். வரப்புத் தகராறில் இரண்டு பங்காளிகளுக்கு நடுவே நின்று திட்டு வாங்கிப் பழகியவன். ஆகவே மறுநாள் காலையிலேயே ஆள் வந்துவிட்டது: "பாய், உங்கள முத்தவல்லி கூப்புடுறாரு. டேப்பையும் எடுத்துக்கிட்டு வரச் சொன்னாரு."

முதலில் அந்தக் கைபேசி விவகாரத்தை முடித்தேன். மூன்று பேரின் கைபேசியை வாங்கி ஹாலின் நடுவில் வரிசையாக வைத்தேன். மூன்றும் மூன்று பக்கம் காட்டின. தூணருகே கொண்டுபோனால் முள் இன்னொரு பக்கம் ஓடியது, ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் சுற்றவே ஆரம்பித்துவிட்டது. தூணுக்குள் இரும்புக் கம்பி, பெட்டிக்குள் காந்தம். முள் பாவம் என்ன செய்யும்? போதாக்குறைக்குக் காந்த வடக்கும் உண்மையான வடக்கும் ஒன்றல்ல. புதுச்சேரியில் இன்றைக்கு இரண்டுக்கும் ஒன்றிரண்டு டிகிரி வித்தியாசம் உண்டு. ஹஜ்ஜுக்குப் போய்வந்தவர்கள் வாங்கிவரும் சின்னக் காம்பசுக்கும் இதே கதிதான்.

ஆனால் பையன் சொன்ன 19 என்ற எண் தப்பில்லை. புதுச்சேரி ஏறத்தாழ 12 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது, மக்கா 21.4 டிகிரியில். இரண்டுக்கும் இடையே கிழக்கு மேற்காக 40 டிகிரி தீர்க்கரேகை, தூரம் சுமார் 4,400 கிலோமீட்டர். கோள முக்கோணக் கணக்கில் போட்டால் இங்கிருந்து கஅபாவின் திசை நேர் மேற்கிலிருந்து வடக்கே 19 டிகிரி. வடக்கிலிருந்து வலம் சுற்றி எண்ணினால் 289. இதே கணக்கைக் கஜினி நகரத்துக்குப் போடுவதற்காகவே அல்பீரூனி ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஒரு முழுப் புத்தகம் எழுதினார். இன்றைக்குப் பையன் பொத்தானை அமுக்குகிறான்.

அடுத்த நாள் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பெரிய உலகப் படத்தையும் அடிக்கோலையும் தூக்கிக்கொண்டு வந்தார். படத்தைத் தரையில் விரித்து, புதுச்சேரிக்கும் மக்காவுக்கும் கோடு போட்டுக் கோணமானியை வைத்தார். 14 டிகிரி. "இந்தா, கம்ப்யூட்டர் அஞ்சு டிகிரி பொய் சொல்லுது" என்றார்.

அவர் அளந்ததிலும் பிசகில்லை. அது மெர்கேட்டர் முறைப் படம். உருண்டையைத் தட்டையாக விரித்தால் எங்கேயாவது இழுபடத்தான் செய்யும். அந்தப் படத்தில் நேராகத் தெரியும் கோடு பூமியின் மேல் வளைந்து கிடக்கிறது. ஒரு பிள்ளையின் வீட்டிலிருந்து பூகோள உருண்டையை வரவழைத்து, புதுச்சேரியில் ஒரு விரலால் நூலை அழுத்தி, மக்காவில் மறுமுனையை வைத்து இறுக்கிக் காட்டினேன். தளர்ந்த நூல் நகர்ந்து நகர்ந்து ஓரிடத்தில் விறைத்து நின்றது. அதுதான் மிகக் குறுகிய வழி. புறப்படும் இடத்தில் அது மேற்கைவிட்டு 19 டிகிரி விலகித்தான் கிளம்புகிறது. வாத்தியார் நூலைத் தானே ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். நமக்கு வெறும் ஐந்து டிகிரி வித்தியாசம். அமெரிக்காவில் இந்த நூலும் படமும் வேறு வேறு மூலையையே காட்டும். 1957இல் திறக்கப்பட்ட வாஷிங்டன் இஸ்லாமிய மையத்தின் பள்ளி வடகிழக்கைப் பார்த்திருக்கிறது. மக்கா தெற்கே அல்லவா இருக்கிறது, தென்கிழக்கைத்தானே பார்க்க வேண்டும் என்று அங்குள்ளவர்கள் பல வருஷம் வாதாடினார்கள்.

சரி, 289 என்று ஒத்துக்கொள்வோம். எங்கள் முன்சுவர் எந்தத் திசையைப் பார்க்கிறது? 19 டிகிரி திருப்பு என்று சொன்ன பிள்ளையோ, அவனை எதிர்த்துக் கத்தியவர்களோ இதைக் கேட்கவில்லை. சுவர் நேர் மேற்கு என்று எல்லாருமே எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

இதை அளக்க எனக்குக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. மே 28 வரட்டும் என்று பத்து நாள் தவணை கேட்டேன். மக்கா கடக ரேகைக்குத் தெற்கே இருப்பதால் வருஷத்தில் இரண்டு தடவை நண்பகலில் சூரியன் கஅபாவுக்கு நேர் உச்சியில் வந்து நிற்கும். மே 27, 28 வாக்கில் நம்முடைய நேரம் மதியம் 2 மணி 48 நிமிஷத்துக்கு ஒரு தடவை, ஜூலை 15, 16 வாக்கில் 2 மணி 57 நிமிஷத்துக்கு இன்னொரு தடவை. அந்த நிமிஷத்தில் சூரியனைப் பார்க்க முடிகிற எவனும் மக்காவின் திசையைப் பார்க்கிறான். இரும்பும் காந்தமும் அதைத் தொட முடியாது. ஒரு நாள் முன்னே பின்னே போனாலும் பாதகமில்லை.

அன்று கத்திரி வெயில் முடிகிற சமயம். கைகால் கழுவும் ஹவுலுக்குப் பக்கத்து முற்றத்தில் ஐந்தடி உயரத்தில் ஒரு கம்பியைக் குறுக்கே கட்டி, அதிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன். குண்டு ஆடாமல் இருக்க ஒரு வாளித் தண்ணீருக்குள் அதை இறக்கினேன். இருபது முப்பது பேர் வெறுங்காலில் கொதிக்கும் தரையில் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் வானொலி நேரத்துக்குச் சரிசெய்த கடிகாரத்தைப் பார்த்து நிமிஷத்தைச் சொன்னார். 2:48. நூலின் நிழல் கடல் பக்கமாக, நாலடிக்குக் கொஞ்சம் கூடுதலாக விழுந்திருந்தது. சுண்ணாம்புக் கட்டியால் அதன் மேல் கோடு இழுத்தேன். நிழலின் நுனியில் நின்று குண்டைப் பார்த்தால் அதுதான் கிப்லா.

பிறகு சுவருக்குச் செங்குத்தாக ஒரு கயிறு பிடித்து இரண்டையும் ஒப்பிட்டேன். பத்தடி நீளத்தில் விலகல் இருபது அங்குலம். ஒன்பது டிகிரி, போனால் ஒன்பதரை. பையன் சொன்னதில் பாதிதான்.

மீதிப் பத்து டிகிரியை எங்களுக்கு யார் கொடுத்தது? கொஞ்சம் யோசித்தால் புதுச்சேரிக்காரனுக்கு விடை தெரிந்துவிடும். நம்முடைய கடற்கரை நேர் தெற்கு வடக்காக இல்லை. கடலூரிலிருந்து மரக்காணம் வரை வடகிழக்காகச் சாய்ந்தே போகிறது. 1693 முதல் 1699 வரை இந்த ஊரைப் பிடித்து வைத்திருந்த டச்சுக்காரர்கள் கட்டம் கட்டமாகத் தெருக்களுக்குத் திட்டம் போட்டார்கள், பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்து அதையே பின்பற்றினார்கள். கடற்கரையை ஒட்டிப் போட்ட கட்டம், ஆகவே மேற்கே போகும் தெருவும் கொஞ்சம் வடக்கே சாய்ந்தே போகிறது. பள்ளி கட்டியவர்கள் தெருவுக்கு ஒத்தாற்போல் சுவர் எழுப்பினார்கள். டச்சுக்காரன் நிலம் அளந்த தயவில் பாதி கிப்லா எங்களுக்கு இனாமாக வந்துவிட்டது.

ஒரு டிகிரி பிசகினால் மக்காவில் எவ்வளவு என்று முத்தவல்லி கேட்டார். சுமார் 70 கிலோமீட்டர் என்றேன். ஒன்பதுக்குக் கணக்குப் போட்டுப் பார்த்து அவர் முகம் விழுந்துவிட்டது. எங்கள் சுவர் காட்டும் திசையிலேயே பூமியைச் சுற்றிப் போனால் செங்கடலின் மேற்குக் கரையில், எரித்திரியாவின் மஸாவா துறைமுகத்துப் பக்கம் போய்ச் சேரலாம். ரசூலுல்லாஹ் காலத்தில் குறைஷிகளின் கொடுமைக்குத் தப்பி அபிசீனியாவுக்குப் போன ஸஹாபாக்கள் அங்கேதான் கரையிறங்கினார்கள் என்று அந்த ஊரில் சொல்லிக்கொள்வார்கள். இதை நான் ஆறுதலாகத்தான் சொன்னேன். யாரும் அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று இஷாவுக்குப் பிறகு கூட்டம். இளைஞர்கள் ஹாலின் ஒரு பக்கம், பெரியவர்கள் எதிர்ப்பக்கம். டிகிரியைப் பற்றி ஐந்து நிமிஷம்கூடப் பேசவில்லை. எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"எங்க நன்னா இங்கதான் தொழுதாரு. எங்க அத்தா இங்கதான் தொழுதாரு. மௌத்தாகுற வரைக்கும் ஒரு ஜமாஅத்து விடல. அவங்க தொழுகையெல்லாம் என்ன ஆச்சு, சொல்லுங்க. கூடிச்சா, கூடலையா?"

பையனுக்கு அதற்குப் பதில் இல்லை. கைபேசியில் அதற்குப் பொத்தான் கிடையாது. சண்டை எதைப் பற்றியது என்று எனக்கே அப்போதுதான் புரிந்தது.

எங்கள் பள்ளி இமாம் ஹஸ்ரத் இளவயதுக்காரர், வேலூரில் ஓதியவர். அவசரப்படாமல் பேசினார். மதீனாவில் முதல் பதினாறு, பதினேழு மாதம் ஜெருசலேமில் உள்ள பைத்துல் முகத்தஸைப் பார்த்துத்தான் எல்லாரும் தொழுதார்கள். கஅபாவைப் பார்க்கச் சொல்லி வஹி வந்தபோது, தொழுதுகொண்டிருந்தவர்கள் செய்தி கேட்டு நின்ற நிலையிலேயே வடக்கிலிருந்து தெற்கே திரும்பினார்கள். அதற்கு முன்னால் தொழுத தொழுகையை யாரும் திருப்பித் தொழவில்லை. அந்த இடையில் மௌத்தானவர்களைப் பற்றி அன்றைக்கே கேள்வி வந்தது, அவர்களுடைய ஈமான் வீணாகாது என்று பதிலும் வந்தது. "பெரியத்தா, உங்க கேள்வி ஆயிரத்து நானூறு வருஷப் பழைய கேள்வி" என்றார். பெரியவர் தூணை விடவில்லை, ஆனால் உட்கார்ந்தார்.

அதன் பிறகு சட்டம். தூரத்தில் இருப்பவர்கள் கஅபாவின் பக்கம் பார்த்தால் போதுமா, கஅபாவையே குறிபார்க்க வேண்டுமா? முதலாவதற்கு ஜிஹத் என்றும் இரண்டாவதற்கு ஐன் என்றும் பெயர். ஹனஃபி மத்ஹபில் ஜிஹத் போதும், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் 45 டிகிரிக்குள் இருந்தால் தொழுகை கூடும். ஷாஃபி மத்ஹபில் பெரும்பாலோர் ஐனைக் கேட்பார்கள்; அதுவும் மனசுக்குப் பட்ட அளவுக்கு முயன்றால் போதும். புதுச்சேரியில் இரண்டு வகையும் கலந்தே இருக்கிறோம். உருது பேசுகிறவர்களும் ராவுத்தர்களும் ஹனஃபி, காரைக்கால், நாகூர் வழி வந்த மரக்காயர்கள் ஷாஃபி. ஒரே ஸஃபில் தோளோடு தோள் நிற்கிறவர்களில் ஒருவருக்கு ஒன்பது டிகிரி ஒரு பொருட்டில்லை, பக்கத்தில் நிற்பவருக்கு அது உறுத்தல். சமர்கந்திலும் இதுதான் கதை: ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அங்கே ஷாஃபிகள் தெற்கே பார்த்தார்கள், ரசூலுல்லாஹ் மதீனாவில் தெற்கே பார்த்தார்கள் என்று. ஹனஃபிகள் மேற்கே பார்த்தார்கள், மக்காவுக்குப் போகும் பாதை மேற்கே கிளம்புகிறது என்று. ஒரே ஊர், நடுவே தொண்ணூறு டிகிரி.

நமக்குப் பக்கத்தில் இதைப் பெரிதாகப் பேசியவர்கள் மலபார்க்காரர்கள். நம்முடைய மாஹேயைச் சுற்றியிருக்கும் அதே கரைதான். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஐனா ஜிஹத்தா என்று ஆலிம்கள் இரண்டாகப் பிரிந்து வாதாடினார்கள். அந்த விவாதத்தின் நடுவில் இருந்தவர் சாலிலகத்து குஞ்ஞஹமது ஹாஜி. வாழக்காட்டில் மதரஸாப் பாடத்திட்டத்தையே மாற்றியமைத்தவர், கணக்கும் வானசாஸ்திரமும் தெரிந்தவர், 1919இல் காலமானார். கணக்குத் தெரிந்த ஆலிமை ஊர் சும்மா விட்டதில்லை என்பதற்கு இன்னும் கடுமையான சாட்சி ஜாவாவில் உண்டு. 1897இல் யோக்யகர்த்தாவில் அஹ்மது தஹ்லான் என்ற இளம் ஆலிம், சுல்தானின் பெரிய பள்ளி நேர் மேற்கைப் பார்க்கிறது, மக்கா அங்கிருந்து வடமேற்கே இருக்கிறது என்று எடுத்துச் சொன்னார். பிறகு ஒரு இரவில் பள்ளியின் தரையில் சரியான திசைக்குச் சுண்ணாம்புக் கோடு விழுந்தது. தலைமைக் காஜி கோட்டை அழிக்கச் சொன்னார். தஹ்லான் தன்னுடைய சின்னத் தொழுகைக்கூடத்தைச் சரியான திசையில் கட்டிக்கொண்டார். ஆள் அனுப்பி அதை இடித்துவிட்டார்கள். ஊரைவிட்டே கிளம்பிவிட்டவரைச் சொந்தக்காரர்கள்தான் சமாதானம் சொல்லி நிறுத்தினார்கள். 1912இல் அவர் தொடங்கிய முஹம்மதியா இயக்கம் இன்று இந்தோனேசியாவின் பெரும் அமைப்புகளில் ஒன்று. அப்படியும் அந்த நாட்டு உலமா சபை 2010இல் முதலில் மேற்கு என்று ஒரு ஃபத்வா கொடுத்து, சில மாதத்திலேயே வடமேற்கு என்று இன்னொன்று கொடுக்க வேண்டியிருந்தது.

இதையெல்லாம் கேட்ட முத்தவல்லி, "மக்காவுலயாவது ஒழுங்கா இருக்குமா?" என்றார். இல்லை. 2009இல் மக்காவிலேயே சுமார் 200 பழைய பள்ளிகள் கொஞ்சம் கோணலாக நிற்பதாகச் செய்தி வந்தது. புதிய உயரமான கட்டடங்களின் மேலிருந்து பார்த்தவர்களுக்குத்தான் அது தெரிந்ததாம். கூட்டத்தில் முதல் சிரிப்பு அப்போதுதான் வந்தது.

முடிவு கொஞ்சம் கணக்குப்பிள்ளைத்தனமானதுதான். சுவரையும் மிஹ்ராபையும் தொடுவதில்லை. கம்பளத்தை மட்டும் நிழல் காட்டிய கோட்டுக்கு விரிப்பது. என் சொந்த அபிப்பிராயமும் அதுதான். ஹனஃபிக்கு அதில் நஷ்டமில்லை, ஷாஃபிக்கு நிம்மதி. நஷ்டம் கம்பளத்துக்கு. ஹாலின் அகலம் நாற்பது அடி. ஒன்பது டிகிரி திருப்பினால் இடது கோடிக்கும் வலது கோடிக்கும் ஆறரை அடி வித்தியாசம் வருகிறது. முதல் ஸஃபின் இடது முனை சுவரைத் தொடும்போது வலது முனை ஆறரை அடி தள்ளி நிற்கிறது. முன்னே வலது மூலையில் ஒரு நீள முக்கோணம், பின்னே இடது மூலையில் ஒரு நீள முக்கோணம், இரண்டும் தொழ உதவாத இடம். கடைக்காரர் கத்தரியைக் கையில் பிடித்துக்கொண்டு, "இது வெட்டுனா திரும்ப எடுத்துக்க மாட்டோம் பாய்" என்று மூன்று தடவை சொன்னார். முன் முக்கோணத்தில் இப்போது குர்ஆன் அலமாரி இருக்கிறது. பின்னதில் முதியவர்களுக்கு நாற்காலி.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது கை சும்மா இருக்கவில்லை. என் அத்தா வாலிபத்தில் சைகோனில் பிரெஞ்சுக்காரர்களிடம் வேலை பார்த்தவர். இங்கிருந்தும் காரைக்காலிலிருந்தும் அப்போது நிறையப் பேர் போனார்கள். தென்னிந்திய முஸ்லிம்கள் அங்கே டோங் டூ தெருவில் 1935இல் கட்டிய பள்ளியில்தான் தொழுததாகச் சொல்வார். சைகோனுக்குக் கணக்குப் போட்டேன். 289 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. புதுச்சேரிக்கும் அதற்கும் ஒரு டிகிரிகூட வித்தியாசமில்லை. கப்பலேறிப் போய் இருபத்தேழு தீர்க்கரேகை தாண்டியும் மனுஷன் ஒரே கோணத்தில்தான் நின்றிருக்கிறார். பிறகு என் மகன் இருக்கும் பாரிசுக்குப் போட்டேன். 119. கிட்டத்தட்ட எனக்கு நேர் எதிர். நான் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறேன், அவன் கிழக்கும் தெற்கும் சேரும் பக்கமாக நிற்கிறான். நடுவே கஅபா.

அம்மாவுக்கு வயது 87. மாடி அறையில் ஒரு கட்டில், ஒரு பீரோ, மேற்கே ஒரு ஜன்னல். இந்த வீட்டுக்கு வந்த புதிதில், "பீரோவப் பார்த்து நில்லும்மா" என்று அத்தா சொல்லிக்கொடுத்தார். வீட்டின் சுவரும் பள்ளிச் சுவரைப் போலத்தான் இருக்கும், அம்மாவுக்கும் சொல்லிவிடலாம் என்று ஏறிப் போனேன். அஸர் தொழுதுவிட்டு முஸல்லாவிலேயே உட்கார்ந்திருந்தது. முஸல்லா பீரோவுக்கு நேராக இல்லை. வலது மூலை பின்னுக்கு இழுபட்டு, ஜன்னலின் வலது கதவைப் பார்க்கக் கிடந்தது. டேப்பைப் போட்டுப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது, இருந்தும் போட்டேன்.

"எப்போலேர்ந்தும்மா இப்படிப் போட்டிருக்கே?"

"நீ வேலைக்குச் சேந்த மறுவருஷம் கத்திரி வெயில்ல நோன்பு வந்துச்சே, அப்போலேர்ந்து."

1986. அந்த வருஷம் ரமலான் மே மாதம் 10ஆம் தேதி வாக்கில் பிறந்தது. மே நடுவில் புதுச்சேரியில் சூரியன் மறைகிற இடம் மேற்கிலிருந்து வடக்கே 19 டிகிரி.

"நோன்பு தொறக்க பாங்கு கேக்கணும்ல. கீழ சத்தம் கேக்காது. ஜன்னல்ல பொழுது எறங்குறதப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருப்பேன். தண்ணியக் குடிச்சிட்டு அப்படியே அங்கயே எழுந்து தொழுவேன். பொறவு மாத்தல" என்றது அம்மா. "ஏன், தப்பா?"